10 லட்ச ரூபாய் பைக், 22 லட்ச ரூபாய் பில்

திண்டுக்கல்லில் இருந்து பேசுகிறேன். போன வாரம் ராத்திரி பத்தரை மணிக்கு ஒரு வாட்ஸ்அப் கால். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிற என் சித்தப்பா பையன். எடுத்ததுமே, "அண்ணே, ஒரு வண்டி பாத்து வச்சிருக்கேன். வெளிநாட்டு வண்டி, ஆயிரம் சிசி. ஊருக்கு வந்ததும் எடுத்துடலாம்னு இருக்கேன். சரியாண்ணே?" என்றான்.

அவன் கையில் இருப்பது 14 லட்சம். ஆறு வருஷச் சேமிப்பு, அக்கா கல்யாணச் செலவு போக மிச்சம். மீதியை லோன் போட்டுக்கொள்ளலாம் என்பது அவன் கணக்கு. சித்தப்பாவுக்கு இன்னும் விஷயம் தெரியாது. என் வழியாகச் சொல்ல வேண்டும், அதற்காகத்தான் போனே.

நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "கணக்குப் போட்டுப் பாப்போம்டா" என்றேன். அன்றைக்கு ரெண்டு பேரும் போட்ட கணக்குதான் இன்றைய எபிசோடு. உங்களில் யாராவது பெரிய பைக் கனவில் இருந்தால் பக்கத்தில் ஒரு பேப்பர் வைத்துக்கொள்ளுங்கள்.

எது உண்மையிலேயே இம்போர்ட்டட்?

தொட்டியில் வெளிநாட்டுப் பெயர் இருந்தால் நாம் எல்லாவற்றையும் இம்போர்ட்டட் வண்டி என்கிறோம். கஸ்டம்ஸ் அப்படிப் பார்ப்பதில்லை. அவர்களுக்கு மூன்று வகை.

ஒன்று, முழு வண்டியாகக் கப்பலில் வந்து இறங்குவது. சிபியு என்பார்கள். இரண்டு, என்ஜினோ கியர்பாக்ஸோ ஏற்கெனவே பூட்டிய நிலையில், மற்றது பாகங்களாக வருவது. மூன்று, எல்லாமே தனித்தனிப் பாகங்களாக வந்து இங்கே பூட்டப்படுவது. இது சிகேடி.

2025 பிப்ரவரி பட்ஜெட்டில் இந்த மூன்றுக்கும் சுங்க வரி குறைந்தது. முழு வண்டி 1600 சிசி வரை என்றால் 50 சதவீதத்திலிருந்து 40. அதற்கு மேல் என்றால் 50-லிருந்து 30. பாதி பூட்டியதற்கு 25-லிருந்து 20. முழுக்கப் பாகங்களாக வந்தால் 15-லிருந்து 10.

இதில்லாமல் நாலாவது ஒரு கூட்டமும் இருக்கிறது. பெயர் வெளிநாடு, பிறப்பு நம்ம ஊர். பிஎம்டபிள்யூ ஜி 310 ஆர் வண்டியை டிவிஎஸ் ஓசூரில் செய்தது. ஹார்லி எக்ஸ் 440 வண்டியை ஹீரோ செய்கிறது. 2023-ல் அது 2.29 லட்சத்தில் வந்தது. டிரையம்ப் ஸ்பீட் 400 பஜாஜ் தயாரிப்பு. இவற்றுக்கு முழு வண்டி இறக்குமதி வரி கிடையாது. ஷோரூமில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இது சிபியுவா, சிகேடியா, இங்கயே செய்றதா?"

பேப்பரை எடுங்கள்

கணக்குக்கு எளிதாக, கப்பல் செலவு, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து 10 லட்ச ரூபாய் மதிப்பில் 1000 சிசி வண்டி ஒன்று துறைமுகத்துக்கு வருகிறது என்று வையுங்கள். டீலர் லாபம், சில்லறைக் கட்டணங்கள் எல்லாவற்றையும் இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

சுங்க வரி 40 சதவீதம், அதாவது 4 லட்சம். ஆக 14 லட்சம்.

அந்த 14 லட்சத்துக்கு மேல் ஜிஎஸ்டி. 350 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். அது 5 லட்சத்து 60 ஆயிரம். ஆக 19.6 லட்சம். கவனியுங்கள், சுங்க வரியாகக் கட்டிய 4 லட்சத்துக்கும் சேர்த்துத்தான் ஜிஎஸ்டி. வரிக்கு மேல் வரி.

அடுத்தது நம்ம ஆர்டிஓ. தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேல் விலையுள்ள பைக்குக்கு ஆயுட்கால வரி 12 சதவீதம். ஏறக்குறைய 2 லட்சத்து 35 ஆயிரம். மொத்தம் கிட்டத்தட்ட 22 லட்சம்.

வண்டி 10 லட்சம். வரி 12 லட்சம்.

அதே வண்டி முழுக்கப் பாகங்களாக வந்து இங்கே பூட்டப்பட்டால்? சுங்கம் ஒரு லட்சம், ஜிஎஸ்டி 4.4 லட்சம், ஆயுட்கால வரி 1.85 லட்சம். 17 லட்சத்து 25 ஆயிரத்தில் நிற்கும். அதே என்ஜின், அதே பிரேக். எங்கே பூட்டினார்கள் என்பதற்காக மட்டும் 4 லட்சத்து 70 ஆயிரம் வித்தியாசம்.

பிப்ரவரியில் சுங்கம் குறைந்தபோது "சூப்பர் பைக் விலை சரியப்போகுது" என்று ஆளாளுக்கு ஸ்டேட்டஸ் போட்டார்கள். முன்பு 50 சதவீதச் சுங்கம், அதன் மேல் செஸ் சேர்த்து 31 சதவீத ஜிஎஸ்டி. நம்ம 10 லட்ச வண்டி 19.65 லட்சத்துக்கு வந்தது. இப்போது 40, அதன் மேல் 40. வருவது 19.60 லட்சம். பிப்ரவரியில் கொடுத்ததைச் செப்டம்பரில் வாங்கிக்கொண்டார்கள். மிச்சம் ஐயாயிரம் ரூபாய். தம்பி இதைக் கேட்டு ஒரு நிமிஷம் பேசவே இல்லை.

மாம்பழமும் ஹார்லியும்

நத்தம் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கதை பிடிக்கும். அமெரிக்கா ரொம்ப வருஷமாக இந்திய மாம்பழத்தை உள்ளே விடவில்லை. பூச்சி வரும் என்று காரணம். இந்தியாவில் ஹார்லி டேவிட்சன் விற்க முடியவில்லை; புகைத் தர விதி ஒத்துவரவில்லை. 2007-ல் இரண்டும் சேர்ந்து தீர்ந்தது. 800 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு யூரோ-3 தரத்தை ஏற்க இந்தியா சம்மதித்தது. கதிர்வீச்சில் பதப்படுத்திய நம் மாம்பழம் அமெரிக்கா போனது.

பழம் போய்ச் சேர்ந்துவிட்டது. வண்டி உடனே வரவில்லை, ஏனென்றால் வரி அப்படியே இருந்தது. 2009-ல்தான் ஹார்லி இந்தியாவுக்கு வருவதாக அறிவித்தது, 2011-ல் ஹரியானாவின் பாவலில் வண்டி பூட்ட ஆரம்பித்தது. அப்போதும் காரணம் இதே கணக்குதான்: பாகங்களாகக் கொண்டுவந்தால் வரி குறைவு. 2018-ல் டிரம்ப் இந்திய வரியைப் பற்றிப் பொதுவெளியில் குறைபட்டுக்கொண்டார். அந்த பிப்ரவரியில் 60, 75 சதவீதமாக இருந்த வரி 50-ஆக இறங்கியது. 2020-ல் ஹார்லி பாவல் ஆலையை மூடுவதாகச் சொல்லி, விற்பனையை ஹீரோவிடம் கொடுத்தது.

நீங்கள் ஷோரூமில் பார்க்கிற விலையில் இவ்வளவு அரசியல் ஒட்டியிருக்கிறது. அதை என்ஜினின் தரம் என்று நினைத்துவிடக் கூடாது.

"அப்போ சிங்கப்பூர்லயே வாங்கட்டுமாண்ணே?"

தம்பியின் அடுத்த கேள்வி இது. அதையும் போட்டுப் பார்த்தோம். 10 லட்சம் என்பது சுமாராக 15,000 சிங்கப்பூர் டாலர். அங்கே எக்சைஸ் 12 சதவீதம், 1,800 டாலர். அதற்கு மேல் ஜிஎஸ்டி 9 சதவீதம், 1,512. பிறகு பதிவுக்கான கூடுதல் கட்டணம்: முதல் 5,000 டாலருக்கு 15 சதவீதம், அடுத்த 5,000-க்கு 50, அதற்கு மேல் 100 சதவீதம். நம்ம வண்டிக்கு 8,250. கடைசியாக, வண்டி வைத்திருக்க ஏலத்தில் எடுக்கிற சிஓஇ. ஏலத்துக்கு ஏலம் மாறும். 9,000 என்று வைத்தோம். கூட்டினால் 35,500 டாலர். நம்ம காசுக்கு 24 லட்சம் கிட்ட. அந்த சிஓஇ-யும் பத்து வருஷத்துக்குத்தான்.

வாங்கி, ஓட்டி, ஊருக்கு வரும்போது கொண்டுவரலாமே? பழைய வண்டி இறக்குமதிக்கு விதி கடுமை. தயாரித்து 3 வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் வர வேண்டும். வெளிநாட்டிலிருந்து குடி திரும்புகிறவர் வீட்டுச் சாமான்களுக்குக் கிடைக்கிற வரிச்சலுகை வண்டிக்குக் கிடைக்காது. அந்த யோசனையை அங்கேயே விட்டோம்.

வெளியே போகிற நம் வண்டிக்கும் இதே கதைதான். சென்னைப் பக்கம் ராயல் என்ஃபீல்டு செய்கிற இன்டர்செப்டர் 650, 2018-ல் இங்கே இரண்டரை லட்சம் ஷோரூம் விலைக்கு வந்தது. அமெரிக்காவில் 5,799 டாலர், அன்றைய மதிப்பில் 4 லட்சத்துக்கு மேல். அமெரிக்கக்காரருக்கு அதுதான் இம்போர்ட்டட் பைக்!

சிறுமலையில் எது உதவும்?

சரி, அந்த விலைக்கு என்னென்ன வசதி தருகிறார்கள்? அதை நம்ம ரோட்டில் வைத்துப் பார்க்க வேண்டும்.

சாய்வைக் கணக்கில் எடுக்கிற ஏபிஎஸ். வண்டி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று ஒரு சென்சார் பார்த்து, அதற்கேற்ப பிரேக்கை விடும். சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவில், மழை பெய்த மறுநாள், திரும்பும்போது எதிரே பஸ் வந்தால் இதன் அருமை தெரியும். டிராக்‌ஷன் கன்ட்ரோலும் அப்படித்தான். இவை இரண்டுக்கும் காசு கொடுக்கலாம்.

சூடான கைப்பிடி? கொடைக்கானலில் டிசம்பர் ராத்திரி ஒரு மணி நேரம் உதவும். மீதி வருஷம் வத்தலக்குண்டு வெயிலில் சும்மா கிடக்கும். 200 குதிரைச் சக்தி? லிட்டர் சூப்பர் பைக் முதல் கியரிலேயே 100-ஐத் தாண்டும். நான்குவழிச் சாலையில் பைக்குக்கு மத்திய அரசு வைத்த உச்ச வேகம் 80.

யாரும் சொல்லாத ஒன்று, சூடு. பெரிய என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்வரை காற்று அடித்துக்கொண்டு போகும். ஏப்ரல் மத்தியானம் பஸ் ஸ்டாண்டு பக்கம் நெரிசலில் நின்று பாருங்கள், தொடை வெந்துவிடும். சில ஹார்லி மாடல்களில் நிற்கும்போது பின் சிலிண்டரை அணைக்கிற ஏற்பாடே வைத்திருக்கிறார்கள், இந்தப் பிரச்சினைக்காகத்தான். அதனால் டெஸ்ட் ரைடு காலை ஆறு மணிக்குப் போகாதீர்கள். மத்தியானம் கேளுங்கள்.

வாங்கிய பிறகு

350 சிசிக்கு மேல் புது வண்டிக்கு ஐந்து வருஷத் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் 2022-ல் வந்த விகிதப்படி 15,117 ரூபாய். அது சின்ன பகுதி. சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் வண்டி மதிப்பை வைத்து வருவதால், வரியோடு ஏறிய விலைக்கு வருஷா வருஷம் பிரீமியமும் ஏறும். அகலமான ஒட்டுப்பிடி டயர் சீக்கிரம் தேயும், விலையும் சாதா டயர் மாதிரி இல்லை. சர்வீஸுக்கு 65 கிலோமீட்டர் தள்ளி மதுரையில் ஆள் இருந்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் 160 கிலோமீட்டர் போய்க் கோவை. அதுவும் இல்லையென்றால் சென்னை. ஒரு பார்ட் உடைந்து கப்பலில் வர வேண்டும் என்றால், வண்டி ஷெட்டில், இஎம்ஐ மட்டும் ஓடும்.

விற்கப் போனால், வரியாகக் கட்டியதை யாரும் திருப்பித் தரமாட்டார்கள். இதைத் திருப்பிப் பாருங்கள்: இரண்டாம் கையாக வாங்குகிறவருக்கு இது லாபம். முதல் ஆள் அந்த வரியைக் கட்டிவிட்டார். ஆனால் பேப்பரைப் பாருங்கள். இறக்குமதி ரசீது, ஆர்சி, லோன் முடிந்ததற்கான சான்று, வேறு மாநில வண்டி என்றால் தடையில்லாச் சான்று. அந்த வண்டியை இங்கே மாற்றினால் நம்ம ஆர்டிஓ வரி தனி.

பேப்பரில் வராத செலவு

சிங்கப்பூரில் 200 சிசிக்கு ஒரு லைசென்ஸ், வருஷம் ஒன்று ஆன பிறகு 400 சிசிக்கு அடுத்தது, இன்னொரு வருஷம் கழித்துத்தான் அதற்கு மேல். நம்ம ஊரில் கியர் வண்டி லைசென்ஸ் ஒன்று போதும். நேற்று வரை 125 ஓட்டியவன் இன்றைக்கு 1000 ஓட்டலாம், சட்டம் தடுக்காது. தடுக்க வேண்டியது நாம்தான். தம்பி கடைசியாக வண்டி ஓட்டியது அஞ்சு வருஷம் முன்னால், சித்தப்பாவின் பழைய ஸ்ப்ளெண்டர்.

இதைச் சொன்னதும் சிரித்தான். "என்னண்ணே, வேணாம்ங்கிறியா?"

"வேணாம்னு சொல்லலடா. 22 லட்சம் குடுத்தா அதுல 12 லட்சம் வண்டியே இல்லன்னு சொல்றேன்."

கடைசியில் பேசி முடித்தது இது. பொங்கலுக்கு வருகிறான். முதலில் இங்கேயே செய்கிற ஒரு 650-ஐ ஒரு வருஷம் ஓட்டுவது. லோன் கிடையாது, கையில் இருப்பதில் பாதிக்கு மேல் மிச்சம். ஹெல்மெட், ஜாக்கெட், கையுறைக்குத் தனியாகக் காசு ஒதுக்குவது. அதன் பிறகும் ஆயிரம் சிசி ஆசை இருந்தால், பாகங்களாக வந்து இங்கே பூட்டிய ஒன்றை இரண்டாம் கையில் தேடுவது. அவனுக்கு முழுத் திருப்தி இல்லைதான். "சிறுமலைக்கு என்கூட நீ வரணும்ணே" என்று ஒரு கண்டிஷன் போட்டான். ஒத்துக்கொண்டேன்.

சித்தப்பாவிடம் சொல்கிற வேலை மட்டும் இன்னும் பாக்கி.

நான் சொன்ன வரி விகிதங்கள் எல்லாம் 2025 செப்டம்பர் மாற்றத்துக்குப் பிறகானவை. வாங்கும் நாளில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பேப்பர் ஓடிக்கொண்டிருந்தால், என்ன கணக்கு வந்தது என்று எழுதி அனுப்புங்கள். அடுத்த எபிசோடில் சந்திப்போம். ஹெல்மெட் பட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள்.