எபிசோட் 37: மாகாணத்தை நடத்த வந்த மாட்டு டாக்டர்

இன்னைக்கு ஒரு தோத்துப்போன மனுஷனோட கதை. 1928 தேர்தல்ல 48 சீட்ல 35 சீட் ஜெயிச்சு ஆட்சிக்கு வந்தவர். அஞ்சு வருஷம் கழிச்சு அடுத்த தேர்தல் வந்தப்போ, அவரோட கட்சி அதிகாரபூர்வமா ஒரு வேட்பாளரைக்கூட நிறுத்தல. அவர் சொந்தத் தொகுதியும் போச்சு. பேரு சைமன் ஃப்ரேசர் டால்மி. கனடாவோட மேற்குக் கரையில இருக்கிற பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்துக்கு பிரிமியர், நம்ம கணக்குல முதலமைச்சர். படிச்சது கால்நடை மருத்துவம்.

குடும்பத்துல இருந்து ஆரம்பிப்போம், ஏன்னா பின்னாடி இது தேவைப்படும். அப்பா வில்லியம் ஃப்ரேசர் டால்மி, ஸ்காட்லாந்துல இருந்து ஹட்சன்ஸ் பே கம்பெனிக்கு டாக்டரா வந்தவர். அம்மா ஜேன் வொர்க். அம்மாவோட அம்மா ஜோசெட் லெகாசே, பூர்வகுடி வம்சாவளி. 1896ல அந்தப் பாட்டி இறந்தப்போ மாகாண சட்டமன்றமே அஞ்சலி செலுத்துச்சு. அப்போ நம்ம ஆளுக்கு வயசு 29. விக்டோரியா நகரத்துல 1867ல பிறந்து, க்ளோவர்டேல்ங்கிற குடும்பப் பண்ணையில வளர்ந்தவர்.

ஒன்டாரியோ வெட்னரி காலேஜ்ல 1891ல படிச்சு முடிச்சார். இப்போ அது குவெல்ஃப்ல இருக்கு, அப்போ டொரண்டோல இருந்துச்சு. நம்ம ஊர்ல எம்பிபிஎஸ் கவுன்சிலிங்ல சீட் கிடைக்கலன்னா வெட்னரின்னு ஒரு பேச்சு உண்டுல்ல? அந்தக் கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டுக் கேளுங்க. அந்தக் காலத்துல அது செம முக்கியமான வேலை. மாட்டுக்கு வர்ற காசநோய் பால் வழியா குழந்தைகளுக்கு வரும். 1890ல ராபர்ட் காக் டியூபர்குலின் கண்டுபிடிச்சார். மனுஷனுக்கு மருந்தா அது சொதப்பிடுச்சு, ஆனா மாட்டுக்கு நோய் இருக்கான்னு பார்க்கிற டெஸ்ட்டா நல்லா வேலை செஞ்சுது. அப்போ கால்நடை இன்ஸ்பெக்டர் வேலைன்னா என்ன? பார்க்க நல்லாத்தான் இருக்கும் மாடு. அதுக்கு டெஸ்ட் பண்ணி, "இதைக் கொல்லணும்"னு அந்த விவசாயி முகத்தைப் பார்த்துச் சொல்லணும். சொல்லிட்டு அடுத்த வருஷம் அதே ஊருக்கு மறுபடியும் போகணும். டால்மி இந்தத் துறையிலதான் மத்திய அரசு அதிகாரியா மேல வந்தார். பண்ணைக்காரங்க எல்லாருக்கும் தெரிஞ்ச முகம்.

1917ல விக்டோரியாவுல இருந்து ஒட்டாவா பார்லிமெண்டுக்குப் போனார். 1919ல விவசாய அமைச்சர். இது பொருத்தமான வேலை, நல்லாவே போச்சு.

சிக்கல் 1926ல ஆரம்பிக்குது. மாகாண கன்சர்வேட்டிவ் கட்சிக்குத் தலைவர் தேர்ந்தெடுக்க கம்லூப்ஸ்ல மாநாடு. ரெண்டு கோஷ்டியும் விட்டுக்கொடுக்கல, சுத்தமா டெட்லாக். யாருக்கும் எதிரி இல்லாத ஒரு ஆளைத் தேடினா, இவர்தான் கிடைச்சார். அவருக்குப் பெருசா விருப்பமே இல்ல. தலைவர் ஆன பிறகும் ஒட்டாவா எம்பி பதவியை உடனே விடல. ஆபீஸ்ல ரெண்டு சீனியர்ஸ் சண்டை போட்டா, சண்டையே போடாத ஒருத்தரை மேனேஜர் ஆக்குவாங்க பாருங்க, கிட்டத்தட்ட அது. அப்படி வர்றவங்களுக்கு எல்லாரையும் சமாதானமா வெச்சிருக்கத் தெரியும். யாரை நோகடிக்கணும்னு முடிவெடுக்கிற நாள் வந்தா கஷ்டம்.

அந்த நாள் வந்துச்சு. "அரசாங்கத்தை பிசினஸ் மாதிரி நடத்துவோம்"னு சொல்லித்தான் 1928ல ஜெயிச்சார். அடுத்த வருஷமே உலகப் பொருளாதார மந்தம். மரம், மீன், சுரங்கம்னு வெளிநாட்டுக்கு வித்துப் பொழைக்கிற மாகாணம், அடி பலமா விழுந்துச்சு. பத்தாததுக்கு, கனடாவுல குளிர் கொஞ்சம் தாங்கக்கூடிய இடம் இந்தக் கரைதான். அதனால வேலை இல்லாத ஆளுங்க கூட்ஸ் வண்டியில தொத்திக்கிட்டு வான்கூவருக்கு வந்து குவிஞ்சாங்க. 1931ல ஊருக்குள்ளயே குடிசை போட்டுத் தங்கினாங்க. அரசாங்கம் வேலை முகாம்கள் ஆரம்பிச்சுது, பணம் பத்தல. ஏற்கெனவே பசிஃபிக் கிரேட் ஈஸ்டர்ன்னு ஒரு ரயில் பாதை வேற கஜானாவைத் தின்னுக்கிட்டு இருந்துச்சு. தெற்கே வான்கூவருக்கும் போகாது, வடக்கே பிரின்ஸ் ஜார்ஜுக்கும் போகாது. நடுவுல மட்டும் ஓடும்.

பிசினஸ்காரங்க விடல. "பிசினஸ் மாதிரி நடத்துறேன்னு சொன்னீங்கல்ல, கணக்கைக் காட்டுங்க"ன்னு நெருக்கினாங்க. ஜார்ஜ் கிட் தலைமையில ஒரு கமிட்டி உட்கார்ந்துச்சு. 1932ல வந்த ரிப்போர்ட்டைப் படிச்சா இப்பவும் தூக்கிவாரிப் போடும். சட்டமன்றத்தை 48 பேர்ல இருந்து 28 ஆக்கு, 14 வயசுக்கு மேல இலவசப் படிப்பை நிறுத்து, செலவை எல்லாம் வெட்டு. சுருக்கமா, மந்தையைக் கழிச்சுக் கட்டச் சொன்னாங்க. மாட்டைக் கழிச்ச அனுபவம் இருந்தவர் இதைச் செய்யல. அவரால ஏத்துக்கவும் முடியல, அந்தக் கமிட்டியைத் துரத்தி விடவும் முடியல. எல்லாக் கட்சியும் சேர்ந்து கூட்டாட்சி நடத்தலாம்னு லிபரல் தலைவர் டஃப் பட்டுல்லோவைக் கூப்பிட்டார். ஜெயிக்கப்போறவர் எதுக்கு வருவார்? வரல.

இந்த இடத்துல ஒரு விஷயம், பொதுவா இவர் கதையில யாரும் அழுத்திச் சொல்லாதது. அந்தக் காலத்துல அந்த மாகாணத்துல சீனர்கள், ஜப்பானியர்கள், 1907ல இருந்து இந்தியர்கள், பூர்வகுடிகள் யாருக்கும் ஓட்டு கிடையாது. 1931ல, டால்மி ஆட்சியில, முதல் உலகப்போர்ல கனடாவுக்காகச் சண்டை போட்ட ஜப்பானிய வம்சாவளி வீரர்களுக்கு மட்டும் ஓட்டு கொடுக்கலாமான்னு சட்டமன்றத்துல வாக்கெடுப்பு. ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்துல பாஸ் ஆச்சு. போர்க்களத்துக்குப் போய்த் திரும்பின ஒரு கைப்பிடி ஆளுங்களுக்கே இவ்வளவு இழுபறி. இந்தியர்களுக்கும் சீனர்களுக்கும் 1947 வரைக்கும், பூர்வகுடிகளுக்கு 1949 வரைக்கும் காத்திருக்க வேண்டியதாச்சு. பிரிமியர் நாற்காலியில உட்கார்ந்திருந்தவரோட பாட்டி பூர்வகுடி வம்சாவளின்னு சொன்னேன்ல? பேரன் அந்தச் சட்டத்துல கை வைக்கல. என் பார்வையில, கஜானா காலியானதை விட இதுதான் பெரிய கணக்கு. பணம் இல்லைங்கிறது காரணமா ஆகாத ஒரு விஷயம் இது.

1933 நவம்பர்ல தேர்தல். கட்சி சுக்குநூறா உடைஞ்சிருந்துச்சு. டால்மி பக்கம் இருந்தவங்க யூனியனிஸ்ட்னு நின்னாங்க. பழைய பிரிமியர் பவுசர் தனி அணி கட்டினார், பிரசாரம் நடக்கும்போதே இறந்துட்டார். பட்டுல்லோ "வேலையும் கூலியும்"னு ரெண்டே வார்த்தையில ஜெயிச்சார், 34 சீட். சிசிஎஃப்ங்கிற புது இடதுசாரிக் கட்சி 7 சீட்டோட எதிர்க்கட்சி ஆச்சு. சானிச் தொகுதியில டால்மி அவுட்.

1936ல ஒரு இடைத்தேர்தல்ல நூலிழையில ஜெயிச்சு மறுபடி ஒட்டாவா போனார். அடுத்த வருஷம் அக்டோபர்ல, 70 வயசுல இறந்தார். அவருக்கு அப்புறம் இன்னைக்கு வரைக்கும் அந்த மாகாணத்துல கன்சர்வேட்டிவ் பிரிமியர் யாரும் வரல. 2024ல 44 சீட் வாங்கி கிட்ட வந்தாங்க. 47 சீட்டோட தடுத்தது என்டிபி, அந்த 7 சீட் சிசிஎஃப்போட வாரிசு.

இவ்வளவுதான் மக்களே. அடுத்த வாரம் பேசுவோம்.