எத்திலீன் வரும்வரை

  

குளோரின் சேர்ந்த கரைப்பான்கள் நிலத்தடி நீரில் இறங்கிவிட்டால் என்ன செய்வது என்பதில் எனக்கும் துறை நண்பர்கள் சிலருக்கும் நெடுநாள் வழக்கு உண்டு. உங்களில் பலர் அறிவீர்கள். மண்ணில் எல்லா நுண்ணுயிரும் இருக்கின்றன, உணவு ஊட்டினால் போதும் என்பது அவர்கள் கட்சி. அங்கே எது இருக்கிறது என்று பாராமல் ஊட்டுவது தீங்கு என்பது என் கட்சி.

உலர்சலவைக்குப் பயன்பட்ட பெர்குளோரோஎத்திலீன் என்ற கரைப்பானில் நான்கு குளோரின் அணுக்கள். காற்றில்லாத மண்ணில் பாக்டீரியாக்கள் அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றுகின்றன. ஒன்று கழன்றால் ட்ரைகுளோரோஎத்திலீன், இரண்டு கழன்றால் சிஸ்-டைகுளோரோஎத்திலீன்; இந்த முதல் இரண்டைக் கழற்றப் பல இனங்களால் முடியும். மூன்றாவது போய், வேலை அத்தோடு நின்றால் மிஞ்சுவது வினைல் குளோரைடு. மனிதருக்குப் புற்றுநோய் தருவது என உறுதிப்பட்ட பொருள். நான்கையும் கழற்றி, குளோரின் இல்லாத எத்திலீன் வரை கொண்டுபோகும் ஆற்றல் டீஹாலோகாக்காய்டஸ் என்ற பாக்டீரியாவுக்கும் அதன் நெருங்கிய உறவினருக்குமே உண்டென்று இதுவரை அறிவோம்.

டெக்சாஸில் சான் அந்தோனியோவின் கெல்லி விமானப்படைத் தளத்தைப் பாருங்கள். அங்கே நடந்து 2002இல் வெளிவந்த ஆய்வு போல இவ்வழக்கைத் தீர்ப்பது வேறில்லை. நிலத்தடி நீரை இறைத்து, மறுபடி உள்ளே விட்டுச் சுழலச் செய்து, மெத்தனாலும் அசிட்டேட்டும் ஊட்டினார்கள். பெர்குளோரோஎத்திலீன் குறைந்தது. நண்பர்கள் இதையே வெற்றி என்று அறிக்கை எழுதியிருப்பார்கள். ஆனால் அது சிஸ்-டைகுளோரோஎத்திலீனாகத் தேங்கி நின்றது. பிறகு, ஒன்டாரியோ மண்ணிலிருந்து வளர்த்த கேபி-1 என்னும் கலப்பு வளர்ப்பில் 13 லிட்டரை உள்ளே விட்டார்கள். அதில் டீஹாலோகாக்காய்டஸ் உண்டு. 200 நாளுக்குள் பெர், ட்ரை, சிஸ்-டை மூன்றும் லிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்குக் கீழ் இறங்கின. எத்திலீன் வந்தது. வளர்ப்பு விடாத பக்கத்துப் பகுதிகளிலும் அதே உணவுதான், சிஸ்-டையைத் தாண்டவில்லை. டீஹாலோகாக்காய்டஸின் மரபுத் தடயமும் அங்கே இல்லை. தளம் ஒன்று, உணவு ஒன்று. உயிரி மட்டுமே வேறு. இதைக் கண்டபின்னும் உணவே போதும் என்பவர்களுக்கு நான் வேறெதைக் காட்டுவேன்?

அதே ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு 24 இடங்களைச் சோதித்தது. எத்திலீன் வந்த 21 இடங்களில் இந்த உயிரி இருந்தது. சிஸ்-டையில் நின்ற மூன்றில் இல்லை.

நண்பர்கள் மிச்சிகனின் ஆஸ்கோடாவில் நடந்த சோதனையைச் சொல்வார்கள். அங்கே உணவு மட்டும் ஊட்டிய பகுதியிலும் எத்திலீன் வந்தது உண்மை. வினைல் குளோரைடைக் கொண்டே வளரும், டீஹாலோகாக்காய்டஸின் பிஏவி-1 வகையைப் பிரித்தெடுத்தது அந்த மண்ணிலிருந்துதானே! உயிரி முன்பே இருந்தது. உணவு அதை எழுப்பியது. அப்படியிருந்தும் வளர்ப்பு விட்ட பகுதியே முந்தியது.

இனிச் செய்ய வேண்டியவை. டீஹாலோகாக்காய்டஸிலும் எல்லா வகையும் கடைசிப் படியைத் திறம்படச் செய்வதில்லை. 1997இல் அறிவிக்கப்பட்ட 195 என்ற வகையே அதில் மெதுவானது. ஆகவே இனத்தை மட்டும் தேடாமல், வினைல் குளோரைடைச் சிதைக்கும் மரபணுக்களை எண்ண வேண்டும். மீத்தேன் உண்டாக்கும் உயிரிகளோடு ஹைட்ரஜனுக்காக இதற்கு நடக்கும் போட்டி, அமில மண், இதற்குப் பி12 வைட்டமினைத் தரும் துணை உயிரிகள் ஆகியவையும் ஆய்வுக்குரியவை. அறிக்கைகளில் பெர்குளோரோஎத்திலீன் அளவுக்குப் பக்கத்தில் எத்திலீன் அளவையும் கட்டாயமாகக் கேட்கலாம்.