திலகவதியாரின் திருவுள்ளம்

(குடமுழுக்கு விழாச் சொற்பொழிவு)



இல்லத்தில் ஒருவர் நோயுறின் குடும்பம் முழுவதுமே நோயுறுகின்றது. படுத்திருப்பவர் உடலால் வருந்துகின்றார். உடனிருப்பவர் உள்ளத்தால் வருந்துகின்றார். அவ்வேளையில் உள்ளம் தளராமைக்குச் சேக்கிழார் பெருமான் காட்டும் இலக்கியம் திலகவதியார்.

திருவாமூரில் புகழனாருக்கும் மாதினியாருக்கும் மக்களாய்த் தோன்றியவர் திலகவதியாரும் மருணீக்கியாரும். தந்தையார் மறைந்தார்; தாயாரும் உடன் மறைந்தார். அம்மையாருக்கு மணம் பேசப்பெற்றிருந்த கலிப்பகையார் போர்க்களத்தில் வீழ்ந்தார். உயிர் துறக்கத் துணிந்த தமக்கையாரின் அடிகளில் விழுந்து தம்பியார் கதறினார். 'தம்பி வாழவேண்டும்' என்னும் ஒன்றற்காகவே அம்மையார் உயிர் தாங்கினார். அத்தம்பியோ பின்னர்ச் சமண சமயம் புகுந்து, தருமசேனர் என்னும் பெயருடன் தலைமை பெற்றார்.

அம்மையார் அவரை வெறுத்தாரல்லர். கெடிலக்கரையிலுள்ள திருவதிகை வீரட்டானத்தில் திருவலகிட்டும், மெழுகியும், மலர்மாலை தொடுத்தும் பணிசெய்து, தம்பியை மீட்டருளுமாறு வேண்டிவந்தார். கனவில் இறைவன் விடை தந்தான். 'சூலை தந்து ஆட்கொள்வோம்' என்பதே அவ்விடை. வேண்டியது நலம், வந்ததோ நோய்! ஆயினும் அந்நோயை இறைவன் கைவிட்டதற்கு அடையாளமாக அம்மையார் கொள்ளவில்லை. இதுவன்றோ நம்பிக்கை!

வயிற்றைக் குடையும் சூலையால் துடித்த தருமசேனர், சமையற் பணியாளனைத் தமக்கையாரிடம் அனுப்பினார். அவர் பாழிக்கு வர இசைந்திலர். ஆனால் தம் வாயிலை அடைக்கவுமில்லை. இரவோடிரவாக வெள்ளாடை உடுத்து, ஏவலர் தாங்க வந்து அடியில் விழுந்த தம்பியிடம் பழங்குறை ஒன்றும் பேசவில்லை. ஐந்தெழுத்தோதித் திருநீறு அளித்தார். பொழுது புலருமுன், திருவலகும் தோண்டியும் ஏந்தித் தாம் நாள்தோறும் செல்லும் கோயிலுக்கே உடனழைத்துச் சென்றார். ஆங்குப் பிறந்ததே நான்காம் திருமுறையின் முதற்பதிகம். சூலை நீங்கிற்று, நாவுக்கரசர் என்னும் திருப்பெயரும் கிடைத்தது.

இவ்வரலாறு மருந்தை விலக்குக என்று கூறுவதன்று. மருத்துவர் தம் கடமையைச் செய்க. இல்லத்தார் தம் கடமையைச் செய்க. நோயாளியைக் குறைகூறாமை, அழைத்த குரலுக்குச் செவிசாய்த்தல், அன்றாடப் பணியை விடாது ஆற்றல், தளர்ந்தவர் கைப்பற்றி நடத்தல் ஆகியவையே இல்லத்தார் தரும் மருந்து. எல்லா நோயும் உடலைவிட்டு நீங்குவதில்லை என்பது உண்மையே. எனினும், துணையற்றோம் என்னும் நோயை அன்புடைய குடும்பம் என்றும் தீர்க்கவல்லது.

தமக்கையார் கையில் திருவலகு விளங்கியது. பின்னாளில் தம்பியார் கையில் உழவாரப்படை விளங்கியது. பதிகள்தோறும் சென்று புல் செதுக்கிப் பணிசெய்த அப்பெருந்தொண்டின் வித்து, ஒரு பெண்மணியின் தளராத உள்ளத்தில் விளைந்ததாகும்.

குடமுழுக்குக் காணும் இத்திருநாளில், நோயுற்றார் உள்ள இல்லந்தோறும் அவ்வுறுதி நிலவுவதாக! திருச்சிற்றம்பலம்.