பழைய சி.ஆர்.வி. வாங்கும் முன்



தோட்டப்புறத்தில் ஒரு காலத்தில் உயரமான வண்டி என்றாலே அது துரையின் லேண்ட் ரோவர்தான். செம்மண்ணைக் கிளப்பிக்கொண்டு அது வரும்போது லயத்துப் பிள்ளைகள் ஓரமாக ஒதுங்கி நிற்பார்கள். இன்று நம் பிள்ளைகள் பட்டணத்தில் வேலைக்குப் போய் நாலு காசு சேர்த்ததும், "அப்பா, நாமும் உயரமான காராகப் பார்ப்போமே" என்கிறார்கள். ஆசையில் தவறில்லை. புதிய வண்டியின் விலை எட்டாததால், பழைய கார்க் கடையில் பளபளவென்று நிற்கும் ஹோண்டா சி.ஆர்.வி. மீது கண் விழுகிறது. 1995ஆம் ஆண்டு ஜப்பானில் பிறந்த இந்த வண்டி நல்ல வண்டிதான். ஆயினும் எந்த வயதில் அதற்கு எந்த நோய் வரும் என்பதைத் தெரிந்துகொண்டு கடைக்குப் போவது நலம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுவோம். பார்வைக்கு இது ஜீப். உள்ளே இது கார். நம் நாட்டில் ஓடும் சி.ஆர்.வி. வண்டிகளில் பல, முன் சக்கரங்கள் மட்டுமே இழுப்பவை. மழை பெய்த மறுநாள் செம்பனைக் காட்டுச் சரிவில் லேண்ட் ரோவர் ஏறிய இடத்தில் இதுவும் ஏறும் என்று நம்பி விட்டால், டிராக்டர் கொண்டுவந்துதான் இழுக்க வேண்டியிருக்கும்.

இனி, மற்றக் குறைகளையெல்லாம் விட முக்கியமான ஒன்றுக்கு வருவோம். அது உயிர் சம்பந்தப்பட்டது. விபத்து நேர்ந்தால் ஸ்டியரிங்கிலிருந்து கண்மூடித் திறப்பதற்குள் ஊதி எழும் பையை ஏர்பேக் என்கிறோம். அந்தப் பையை ஊதுவதற்கு உள்ளே ஓர் உலோகக் குப்பி உண்டு. ஜப்பானியத் தக்காத்தா நிறுவனம் செய்த குப்பிகளில் அம்மோனியம் நைட்ரேட் என்னும் சரக்கை அடைத்திருந்தார்கள். இந்தப் பெயர் நமக்குப் புதிதன்று. உரமாகவும் பயன்படுவதுதான் அது. ஸ்டோரில் வைத்த உர மூட்டை ஈரக் காற்றுப் பட்டுக் கட்டிதட்டிப் போவதை நாம் பார்த்திருக்கிறோம் அல்லவா? ஆண்டுக் கணக்காக வெயிலும் ஈரமும் மாறி மாறித் தாக்க, குப்பிக்குள் இருக்கும் சரக்கும் கெட்டுப்போகிறது. கெட்ட சரக்கு அளவுக்கு மீறிய வேகத்தில் எரிவதால் குப்பியே வெடித்து, இரும்புத் துண்டுகள் ஓட்டுநரின் கழுத்திலும் முகத்திலும் பாய்கின்றன. காப்பாற்ற வேண்டிய பையே உயிரைப் பறித்துவிடுகிறது. வெப்பமும் ஈரமும் மிகுந்த நம்மைப் போன்ற நாடுகளில்தான் இந்த ஆபத்து அதிகம்.

2014ஆம் ஆண்டு நம் நாட்டிலேயே, சரவாக்கில், ஹோண்டா சிட்டி ஓட்டிய கர்ப்பிணித் தாய் ஒருவர் இவ்வாறு உயிரிழந்தார். 2016ஆம் ஆண்டிலும் இங்கே உயிர்கள் போயின. தக்காத்தா நிறுவனம் 2017ஆம் ஆண்டு நொடித்துப் போயிற்று. அது செய்த குப்பிகளோ உலகெங்கும் கோடிக்கணக்கான வண்டிகளில் தங்கிவிட்டன. 2000ஆம் ஆண்டுகளில் வெளிவந்த பல சி.ஆர்.வி. வண்டிகளும் குப்பியை மாற்றிக்கொள்ளும்படி திரும்ப அழைக்கப்பட்டவற்றில் அடங்கும்.

மாற்றிக்கொள்ளக் காசு வேண்டாம், முற்றிலும் இலவசம். அப்படியிருந்தும் ஏன் இன்னும் மாற்றாத வண்டிகள் ஓடுகின்றன? அழைப்புக் கடிதம் முதலில் வாங்கியவரின் பழைய விலாசத்துக்குப் போகிறது. மூன்றாவது கையாக வாங்கிய நமக்கு அது வந்து சேருவதில்லை. ஆகவே, கிராண்டில் உள்ள சேசிஸ் எண்ணை எழுதிக்கொண்டு, அங்கீகாரம் பெற்ற ஹோண்டா சர்வீஸ் நிலையத்தில் கேளுங்கள். இந்த வண்டிக்கு ஏர்பேக் மாற்றியாயிற்றா, வேறு அழைப்பு ஏதும் பாக்கி உண்டா என்று அவர்கள் பார்த்துச் சொல்வார்கள். எத்தனையாவது கையில் வண்டி இருந்தாலும் இந்த உரிமை உண்டு. ஆஃப்கட் கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய ஸ்டியரிங்கை ஏர்பேக்கோடு வாங்கிப் பூட்டுவது, ஆபத்தைக் காசு கொடுத்து வீட்டுக்கு அழைத்து வருவதாகும்.

எரிபொருள் பம்புக்கும் அழைப்பு உண்டு. 2018ஆம் ஆண்டை ஒட்டி வெளிவந்த பல ஹோண்டா வண்டிகளில், பம்புக்குள் சுழலும் பிளாஸ்டிக் சக்கரம் பெட்ரோலில் ஊறி உருமாறிப் பம்பு நின்றுவிடும். ஓடும் வண்டியும் நின்றுவிடும். ஏர்பேக்கைப் பற்றிக் கேட்கும்போதே இதையும் கேட்டுவிடலாம்.

மற்றவை பணத்தைத் தின்னும் நோய்கள். நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய சி.ஆர்.வி.யை மெதுவாக, ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்துத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் உறுமல் கேட்டால் பெரும்பாலும் பின் அச்சுப் பெட்டியின் எண்ணெய் கெட்டிருக்கிறது என்று பொருள். அதற்குரிய ஹோண்டா எண்ணெயை மாற்றினாலே அநேகமாக அடங்கிவிடும். பெட்டியையே மாற்ற வேண்டும் என்று சொல்லும் பட்டறையில் உடனே தலையாட்டிவிட வேண்டாம். 2002 முதல் 2006 வரை வந்தவற்றில் ஏர்கோன் கம்பிரசர் உள்ளுக்குள்ளேயே நொறுங்கி, அதன் உலோகத் தூள் குழாயெங்கும் பரவுவது உண்டு. கம்பிரசரை மட்டும் மாற்றினால் அந்தத் தூள் புதியதையும் கெடுத்துவிடும். 2012ஐ ஒட்டி வந்த 2.4 லிட்டர் எஞ்சினைக் காலையில் முதன்முதலாக முடுக்கும்போது ஓரிரு வினாடி கரகரவென்று சத்தம் வந்தால், வால்வு நேரத்தைச் சரிசெய்யும் பாகம் தேய்ந்திருக்கலாம். இதனால்தான் எஞ்சின் ஆறியிருக்கும்போது போய்ப் பார்க்கச் சொல்கிறோம். நீங்கள் போகும் முன்பே வியாபாரி எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால், இன்னொரு நாள் வருகிறோம் என்று சொல்லிவிடுங்கள்.

2017ஆம் ஆண்டு இங்கே வந்த 1.5 லிட்டர் டர்போ எஞ்சினைப் பற்றியும் புகார் உண்டு. பெட்ரோல் கசிந்து எஞ்சின் எண்ணெயில் கலக்கிறது என்பதே அது. குளிர் மிகுந்த சீனாவிலும் வட அமெரிக்காவிலும் இது பெரிய சச்சரவாயிற்று. நம் வெயிலில் எஞ்சின் விரைவில் சூடேறிவிடுவதால் அவ்வளவு தொல்லை இல்லை. ஆனாலும் வீட்டிலிருந்து கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் ஓடும் வண்டியானால், எண்ணெய்க் கோலை உருவிப் பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டி எண்ணெய் ஏறியிருந்தாலோ, பெட்ரோல் வாடை அடித்தாலோ எண்ணெயை மாற்றிவிட வேண்டும்.

வெள்ளத்தில் முழுகிய வண்டிகளும் சந்தைக்கு வருகின்றன. 2021 டிசம்பரில் ஷா ஆலாமிலும் கிள்ளானிலும் எத்தனை வண்டிகள் நீரில் கிடந்தன என்பதை நாம் மறக்கவில்லை. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். மேலே எவ்வளவு துடைத்தாலும் அங்கே சேற்றுக் கறை தங்கிவிடும்.

வண்டி கெட்டுப் பட்டறையில் கிடந்தாலும் வங்கித் தவணை நிற்காது. மாதா மாதம் பால்வெட்டியும் பழம் வெட்டியும் கட்டும் பணம் அது. ஆகையால் வியாபாரி வாயால் சொல்வதை எல்லாம் தாளில் எழுதி வாங்குங்கள், ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். வாங்கிய பின் ஏமாற்றம் தெரிந்து, கடைக்காரர் கையை விரித்துவிட்டால், பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த அங்கே 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை விசாரிக்கிறார்கள். வக்கீல் தேவையில்லை. மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். ஆனால் கடையில் வாங்கியவர்களுக்குத்தான் இந்த வழி. தெரிந்தவர் ஒருவரிடம் நேரே வாங்கிய வண்டிக்கு இது பொருந்தாது. மனுக் கட்டணம் 5 வெள்ளி.