பேட்டரியைக் கூட்ட வேண்டாம், மிதிப்பைக் கூட்டுவோம்

நான் பொறியாளர் அல்ல. பலதுறைத் தொழிற்கல்லூரியில் தகவல் தொடர்புத் துறையில் பட்டயம் பெற்று, கேமரா முன் நிற்பவள். ஆனால் இதைப் பேச எனக்குக் காரணம் உண்டு. என் தம்பி மின்சைக்கிளில் உணவு விநியோகம் செய்கிறான். ஒருநாள், "அக்கா, ராத்திரி ஆர்டர் குவியிற நேரத்துல பேட்டரி தீர்ந்துடுது. இன்னொரு பேட்டரியைச் சேர்த்துக் கட்டித் தர்றேன்னு ஒருத்தர் சொல்றார்," என்றான். அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஏன் தெரியுமா? மின்னளவு வேறுபட்ட இரண்டு பேட்டரிகளை நேராக இணைத்தால், நிறைந்ததிலிருந்து குறைந்ததற்கு மின்சாரம் பாயும். கம்பியும் கலமும் சூடேறித் தீப்பிடிக்கலாம். வீவக வீட்டில் வாசலருகே சார்ஜ் செய்யும்போது தீப்பிடித்தால், அம்மா எந்த வழியாக வெளியே ஓடுவார்? சிங்கப்பூரில் அப்படி மாற்றியமைப்பது சட்டப்படியும் குற்றம். நிலப் போக்குவரத்து ஆணைய விதிப்படி மின்சைக்கிளின் எடை 20 கிலோவையும், மோட்டார் உதவும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரையும் தாண்டக்கூடாது.

அப்படியானால் என்ன வழி? ஒரு சின்னக் கணக்கு. 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரியில் 360 வாட்-மணி மின்சக்தி இருக்கும். கிலோமீட்டருக்கு 12 வாட்-மணி செலவானால் 30 கிலோமீட்டர் போகலாம். அதையே 9 ஆகக் குறைத்தால் 40 கிலோமீட்டர்! பேட்டரி அதேதான், செலவுதான் குறைகிறது.

செலவைக் குறைப்பது நம் கையில், இல்லை, காலில் இருக்கிறது. பச்சை விளக்கு விழுந்ததும் முதல் சில மிதிகளை நாமே அழுத்தி மிதிக்க வேண்டும். நின்று புறப்படும்போதுதான் மோட்டார் அதிகம் இழுக்கிறது. கியர் இருந்தால் இலேசான கியரில் புறப்படலாம். சமதரையில் உதவி அளவைக் குறைத்து, மேம்பாலம் ஏறும்போது கூட்டலாம். டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட அளவுக்கு வாரம் ஒருமுறை காற்றடிக்க வேண்டும். சங்கிலிக்கு எண்ணெய் போட வேண்டும். வேகம் கூடக் கூட எதிர்காற்றும் கூடும் என்பதால், கொஞ்சம் நிதானமும் வேண்டும்.

பேட்டரியை வெயிலில் போட்டு வைக்காதீர்கள். சூடு ஆறிய பிறகு, வீட்டில் ஆள் விழித்திருக்கும்போது, அதற்குரிய சார்ஜரில் மட்டும் சார்ஜ் செய்யுங்கள். பேட்டரி பழசாகிவிட்டதா? தயாரிப்பாளரின் பேட்டரியையே வாங்குங்கள்.

தம்பி ஒரு மாதம் இப்படி ஓட்டிப் பார்த்தான். இப்போதெல்லாம் வீடு திரும்பும்போது பேட்டரியில் ஒரு கோடு மிச்சமிருக்கிறது. கால் வலிக்கிறது என்கிறான். வலிக்கட்டும், தைலம் தேய்த்துவிட அக்கா இருக்கிறேன்.