தொலைக்காட்சிப் படமும் சமிக்ஞைச் சுருக்கமும்



மாத்தளை மாவட்டத்தில் மலைகள் பல உள்ளன. 1982ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆம் நாள் ரூபவாஹினி ஒளிபரப்பு ஆரம்பமான காலத்தில், பள்ளத்தாக்குகளில் வாழ்ந்தோருக்கு மலையே தடையாயிற்று. நேராக வரவேண்டிய அலையை அது மறித்தது. திரையில் புள்ளிகள் மழைபோற் பொழிந்தன. பின்னர் வானிலுள்ள செய்மதியை நோக்கிய டிஷ் அன்ரெனாக்கள் அத்தடையை நீக்கின. ஆயினும், எச்.டி. எனப்படும் உயர்தெளிவு அலைவரிசைக்குப் பணம் செலுத்தியும் படம் சில வேளைகளில் மங்குவதேன் என்று கேட்போர் இன்று பலர். அதன் காரணத்தை ஆராய்வோம்.

இம்மாவட்டத்திலுள்ள தம்புள்ளை ரங்கிரி விளையாட்டரங்கையே எடுத்துக்கொள்வோம். 2001ஆம் ஆண்டு முதல் அங்கே சர்வதேச ஒருநாட் போட்டிகள் நடைபெறுகின்றன. மாத்தளை நகரிலிருந்து அது ஏறக்குறைய 45 கிலோமீற்றர் தொலைவு. எனினும், செய்மதி வழியாக வரும் ஆட்டக்காட்சி ஏறக்குறைய 36,000 கிலோமீற்றர் உயரம் சென்று மீண்டே நம் இல்லத்தை அடைகின்றது.

முழு எச்.டி. படமொன்றில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. விநாடிக்கு 25 படங்கள், புள்ளியொன்றுக்கு 24 பிட் எனக் கணக்கிடின், விநாடிக்கு 124 கோடி பிட்டுக்கு மேலாகும். இதனை அவ்வாறே அனுப்புதல் இயலாது. விநாடிக்கு 80 இலட்சம் பிட் அளவில் ஓர் அலைவரிசை அனுப்பப்பட்டால், மூலத்தின் நூற்றைம்பதில் ஒரு பங்கே வந்து சேர்கின்றது என்பது பொருள்.

இச்சுருக்கத்திற்கு அடிகோலிய கணித முறையொன்றை நசீர் அகமது, நடராஜன், ராவ் என்னும் மூவர் 1974இல் வெளியிட்டனர். அம்முறையைக் கொண்டு படத்தைச் சிறு சதுரங்களாகப் பிரித்து, கண் எளிதில் உணராத நுணுக்கங்களைக் குறைத்துவிடலாம். மேலும், முந்திய படத்திலிருந்து மாறாத பகுதிகளைத் திரும்ப அனுப்பாது, மாற்றத்தை மட்டுமே அனுப்புவர். ஆதலின், செய்தி வாசிப்பவர் அசையாது அமர்ந்திருக்கும் காட்சி குறைந்த பிட்டிலும் தெளிவாக விளங்கும்.

பந்தைத் தொடர்ந்து கமரா திரும்பும்போதோ, புல்தரை முழுவதும் மாறுகின்றது. மாசி மகத்தன்று மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் ஐந்து தேர்களும் வீதிவலம் வருகையில், மக்கள் வெள்ளம் முழுவதும் அசைகின்றது. அப்பொழுது பிட் போதாவிடின், புல் பச்சைச் சாயமாகும். முகங்கள் சதுரங்களாக உடையும். ஓடும் தமிழெழுத்துகளின் சுழிகளும் புள்ளிகளும் கரையும். செய்தியை எழுத்துக் கூட்டிப் படிக்கும் முதியோருக்கு இது சிறு குறையன்று.

ஒரே பாதையிற் பல அலைவரிசைகள் பங்குகொள்வதும் கவனிக்கத்தக்கது. பந்தியில் ஆள் கூடினால் பரிமாறும் அளவு குறைவது போல, அலைவரிசைகள் கூடக்கூட ஒவ்வொன்றின் பங்கும் குறையும். எச்.டி. என்னும் பெயர் புள்ளிகளின் எண்ணிக்கையைச் சொல்லுகின்றதேயன்றி, அப்புள்ளிகளுக்கு எவ்வளவு விவரம் வழங்கப்பட்டது என்பதைச் சொல்வதில்லை.

எனினும், எல்லாக் குறைக்கும் சுருக்கமே காரணமன்று. கடும் மழையில் மட்டும் படம் உறைந்து நின்றால், மழை அலையை நலிவித்தது என்க. எல்லா அலைவரிசைகளும் எப்பொழுதும் மங்கலாயிருப்பின், மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகளையுடைய பழைய வடம் பொருத்தப்பட்டுள்ளதா எனப் பாருங்கள்; அது எச்.டி. படத்தைக் கொண்டுவராது. அசையாக் காட்சி தெளிந்தும் அசையும் காட்சி மட்டும் கலைந்தும் தோன்றுமாயின், பெரும்பாலும் அது சுருக்கத்தின் விளைவே.

இவ்வேறுபாட்டை அறியாது, தவணைப் பணத்திற் பெரிய தொலைக்காட்சிப் பெட்டி வாங்குவோர் ஏமாற்றமடைவர். பெரிய திரை குறையைப் பெரிதாக்கிக் காட்டுமேயன்றி, அனுப்பப்படாத விவரத்தை மீட்டுத் தராது. எனவே பெட்டியை மாற்றுமுன் வடத்தையும் அன்ரெனாவையும் சோதியுங்கள். அவை செவ்வனே இருப்பின், எத்தனை பிட் அளவில் இவ்வலைவரிசை அனுப்பப்படுகின்றது என்று சேவை வழங்குவோரிடம் கேளுங்கள். நிறுக்கும் பொருளுக்கு எடை கேட்பது போல, இதனைக் கேட்பதும் பணம் செலுத்துவோரின் உரிமையே.