கண்ணுக்குத் தெரியாத புகை



பல்லாண்டுகள் கரும்பலகையின் முன் நின்று வேதியியல் கற்பித்தவன் நான். எனினும், ஓய்வுபெற்ற பின்னர் ஜலகண்டாபுரத்துப் பட்டறை ஒன்றில் நான் கற்ற பாடத்தையே இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

எங்கள் ஊர் தறிகளின் ஊர். நூலையும் சேலைக் கட்டுகளையும் ஏற்றிக்கொண்டு தாரமங்கலம் வழியாகச் சேலம் சென்றுவர, என் தம்பி மகன் ஒரு டீசல் பிக்கப் வண்டி வைத்திருக்கிறான். சென்ற ஆண்டு அவ்வண்டி நோயுற்றது. நின்ற இடத்தில் எஞ்சின் நடுங்கிற்று; மேட்டில் இழுவை குறைந்தது; கரும்புகை வந்தது; எச்சரிக்கும் மஞ்சள் விளக்கும் எரிந்தது.

பட்டறைக்காரர் என் பழைய மாணவர். "ஐயா, இ.ஜி.ஆர். வால்வு கரி பிடித்துத் திறந்தபடியே நின்றுவிட்டது. ஒரு தகட்டை வெட்டி வைத்து வழியை மூடிவிடலாம். விளக்கு எரியாதபடி வண்டியின் கணிப்பொறியையும் மாற்றிவிடலாம். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள்" என்றார்.

"அந்த வால்வு செய்யும் வேலைதான் யாது, தம்பி?" என்று கேட்டேன்.

"வெளியேறும் புகையில் ஒரு பங்கை மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்புகிறது, ஐயா."

எச்சிலை மீண்டும் ஊட்டுவது போன்ற செயல் அன்றோ இது என எண்ணினேன். மூடிவிடு என்று சொல்லவும் வாயெடுத்தேன். ஆயினும், காரணமின்றி ஒருவர் இதனை அமைத்திருப்பாரா என்ற ஐயம் என்னைத் தடுத்தது. வீடு சென்று நூல்களைப் புரட்டினேன்.

நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறத்தாழ 78 விழுக்காடு நைட்ரஜன். 21 விழுக்காடு பிராணவாயு. இவ்விரண்டும் சாதாரண வெப்பத்தில் ஒன்றோடொன்று சேர்வதில்லை. எஞ்சினுக்குள் தீயின் வெப்பம் 1500 பாகை சென்டிகிரேடுக்கு மேல் உயரும்போதோ, அவை விரைந்து சேர்ந்து நைட்ரஜன் ஆக்ஸைடுகளாகின்றன. இவை நுரையீரலை உறுத்துவன. ஆஸ்துமா உள்ளவர்களுக்குப் பெருந்துன்பம் தருவன. 1950-களில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைக் கவிந்த புகைமூட்டத்தை ஆராய்ந்தார் ஹாகன்-ஸ்மிட் என்னும் வேதியியல் அறிஞர். இந்த ஆக்ஸைடுகளும் எரிபொருள் ஆவியும் வெயிலில் கூடி ஓசோனை உண்டாக்குகின்றன என்று அவர் விளக்கினார். வெயிலுக்கு எங்கள் சேலத்தில் பஞ்சமில்லை என்பதை நான் சொல்ல வேண்டுவதில்லை.

இனி வால்வின் பயனைப் பாருங்கள். நீறு பூத்த நெருப்பு தணிந்து எரிவதை அடுப்பில் கண்டிருக்கிறீர்கள். ஒருமுறை எரிந்து முடிந்த புகையில் பிராணவாயு குறைவு. அது எரியாது, ஆனால், வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். ஆகவே, சிறிது புகை உள்ளே கலந்தால் தீயின் உச்ச வெப்பம் தணிகிறது, ஆக்ஸைடுகளும் குறைகின்றன. 1970-களின் தொடக்கத்திலேயே அமெரிக்கக் கார்களில் இம்முறை புகுந்தது. நம் நாட்டிலும் 2017 ஏப்ரலில் பாரத் நிலை 4, 2020 ஏப்ரலில் பாரத் நிலை 6 எனப் புகை விதிகள் இறுகின. டீசல் கார் வெளியிடத்தக்க நைட்ரஜன் ஆக்ஸைடுகளின் அளவு, கிலோமீட்டருக்கு 0.25 கிராமிலிருந்து 0.08 கிராமாகக் குறைக்கப்பட்டது.

மறுநாள் பட்டறைக்குச் சென்று, "மூட வேண்டாம், தம்பி, கழற்றித் துப்புரவு செய்" என்றேன். எஞ்சின் ஆறிய பின்னர் அவர் பாட்டரியின் இணைப்பை நீக்கினார், மின்கம்பியைப் பிரித்தார், போல்டுகளைக் கழற்றி வால்வை வெளியே எடுத்தார். புகையின் கரியும் எண்ணெய் ஆவியும் கூடித் தாரைப்போல் அப்பியிருந்தன. கரியைக் கரைக்கும் திரவத்தைத் தெளித்து, நைலான் பிரஷ்ஷால் தேய்த்தார். வால்வின் மோட்டாருக்குள் திரவம் புகாதபடி அதனை மேல்நோக்கிப் பிடித்துக்கொண்டார். கம்பியால் சுரண்டினால் வால்வு அமரும் இடம் கீறிப்போகும் என்பதையும் எனக்குச் சொன்னார். பிறகு புகைக் குழாயையும் துடைத்தார். புகையைக் குளிர்விக்கும் கூலரில் கசிவு உண்டா என்று பார்த்தார். புதிய காஸ்கெட் வைத்துப் பூட்டினார். இறுதியில் ஸ்கேனரை இணைத்து, வால்வு திறந்து மூடுவதைச் சோதித்து, பழைய பிழைக் குறிப்பை அழித்தார். அரை நாள் ஆயிற்று. எஞ்சினின் நடுக்கம் நின்றது, இழுவையும் திரும்பிற்று.

வேலைக்கிடையே அவர் ஒன்று கேட்டார்: "தகடு வைத்திருந்தாலும் புகைச் சான்றிதழ் கிடைத்திருக்குமே, ஐயா?"

மெய்தான். டீசல் வண்டிக்கான அச்சோதனை புகையின் கருமையை அளக்கிறது. நைட்ரஜன் ஆக்ஸைடுகளை அளப்பதில்லை. வழியை மூடினால் கருமை குறையவும் கூடும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆம் பிரிவு காற்று மாசு விதிகளை மீறி வண்டி ஓட்டுவதைத் தண்டிக்கிறது. ஆயினும், இக்குற்றத்தைக் காட்டிக்கொடுக்கக் கரும்புகை இல்லை. "சோதனைக் கருவிக்குத் தெரியாது, தம்பி. சாலையோரம் பஸ்ஸுக்கு நிற்கும் பள்ளிப் பிள்ளையின் மார்புக்குத் தெரியுமே" என்றேன். அவர் மறுமொழி கூறவில்லை. வெட்டி வைத்திருந்த தகட்டை எடுத்துப் பழைய இரும்புக் குவியலில் போட்டார்.

மாணவர்களே, நமக்கு இடைஞ்சலாகத் தோன்றும் ஒரு பொருள் பிறருக்குக் காவலாக இருத்தல் கூடும். அதனை நீக்குமுன், எதற்காக வைத்தார்கள் என்று ஒருமுறை கேளுங்கள். கேட்ட பின் கிடைக்கும் விடை, அரை நாள் உழைப்பைக் கூட்டினாலும் கூட்டட்டும்.